கங்கையும் நிர்மால்யமும்

காசியின் படித்துறையில் விடியற்காலையில் நீராடும் பக்தர் கங்கையை 'அம்மா' என்றே அழைக்கிறார். அர்ச்சித்த மலர்களைப் பிளாஸ்டிக் பையோடு நீரில் எறிபவரும் பல சமயங்களில் அவரேதான். 'அனைத்தையும் தூய்மையாக்கும் அன்னையை நமது அழுக்கு என்ன செய்துவிடும்?' என்பது அவரது வாதம்.

பக்தியைப் போலத் தோன்றினாலும் இது தர்க்கத்தில் நிற்காது. கங்கை போக்குவதாகச் சாஸ்திரங்கள் கூறுவது பாவத்தை, குப்பையை அல்ல. பாவம் மனத்தைச் சார்ந்தது. பிளாஸ்டிக்கோ கரையாது, மக்காது. துகள்களாகச் சிதைந்து மீனின் வயிற்றை அடைகிறது. கங்கையில் செய்யத் தகாதவை என முன்னோர் விலக்கிய செயல்களுள் நிர்மால்யத்தை, அதாவது பூஜித்துக் கழித்த மலர்களை, இடுவதும் ஒன்று. இதை அறிந்த பக்தர்கள் எத்தனை பேரோ!

நகரங்களின் சாக்கடையும் ஆலைக் கழிவும் இவற்றைவிடப் பெருங்கேடு என்பது உண்மையே. அதற்காகவே 1986-இல் கங்கைச் செயல் திட்டமும் 2014-இல் நமாமி கங்கைத் திட்டமும் தொடங்கப்பட்டன. ஆயினும் பக்தரின் கையிலுள்ள பைக்கு அவரே பொறுப்பு.

ஸ்ரீராமகிருஷ்ணர் கங்கை நீரைப் பிரம்மவாரி என்றே போற்றினார். அதைச் சாதாரண நீராக அவர் கருதியதில்லை.

கான்பூரில் கோயில் மலர்களைச் சேகரித்து ஊதுவத்தி செய்கிறார்கள். ஆற்றுக்குப் போகவிருந்த மலர் நறுமணமாகப் பூஜையறைக்கே திரும்புகிறது.