நிலமும் பொழுதும்

சப்ரகமுவ மாகாணத்திற்குக் கடல் இல்லை. ஆனால் கடலுக்குப் போய்ச் சேரும் நீர் உண்டு. அந்நீரைக் காத்து நிற்கும் காடும் உண்டு. சிவனொளிபாத மலைப் பகுதியிலே பிறக்கும் களு கங்கை இரத்தினபுரி நகரைத் தழுவிச் சென்று களுத்துறையிற் கடலோடு கலக்கிறது. களனி கங்கை கித்துல்கலையின் காட்டோரமாகப் பாய்ந்து கொழும்புக்கு வடக்கே கடலை அடைகிறது. தெற்கே சிங்கராஜ வனம். குருவிட்டைக்கு அருகே போபத் நீர்வீழ்ச்சி. காடும் நீரும் கூடி நிற்கும் இடங்களுக்கு இங்கே பஞ்சமில்லை. ஆனால் அவ்விடங்களின் நடுவே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் தோட்டத் தொழிலாளருள் எத்தனை பேர், ஒரு நாள், ஓர் அரை நாள், அவற்றின் கரையில் ஓய்ந்திருந்து பார்த்திருக்கிறார்கள்?

இதை உல்லாசப் பயணிகளின் கேள்வியென்று ஒதுக்கிவிடல் ஆகாது. ஒரு நாட்டின் எழில் யாருக்கு உரியது, அதைக் கண்டு மகிழும் நேரம் யாருக்கு உரியது என்பன அறத்தைப் பற்றிய கேள்விகள். அரசியலைப் பற்றிய கேள்விகளும் அவையே.

கடந்த கோடையில், புலம்பெயர்ந்து வாழும் உறவினர் ஒருவரின் அழைப்பை ஏற்று, டென்மார்க்கின் தலைநகரான கொப்பன்ஹேகனிற் சில நாட்கள் தங்கும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. நகருக்கு வடக்கே கிளாம்பென்போர்க் என்னும் ரயில் நிலையம் இருக்கிறது. இறங்கிக் கிழக்கே சில நிமிடம் நடந்தால் பெல்வியூ கடற்கரை. மேற்கே திரும்பினால் பீச் மரங்களும் ஓக் மரங்களும் செறிந்த டூரஹேவன் என்னும் பெருங்காடு. மான்கள் அங்கே கூட்டங் கூட்டமாக மேய்கின்றன. காட்டுக்கும் கட்டணமில்லை, கரைக்கும் கட்டணமில்லை. மணலில் நிற்கும் நீலக்கோடிட்ட காவற் கோபுரங்கள் 1932ஆம் ஆண்டில் ஆர்னே யாக்கொப்சன் என்னும் கட்டடக் கலைஞர் பொதுமக்களுக்கென வரைந்தவை. இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம் மங்கவில்லை. மணலிற் கிடந்தோருள் மருத்துவர் யார், பேருந்து ஓட்டுநர் யார் என்று பிரித்தறிய முடியவில்லை. நம்முடன் வந்த உறவினரோ அன்று பகல் முழுவதும் உணவுச்சாலையொன்றிற் பாத்திரம் கழுவியவர். "எந்த நாட்டுக் குடி நீ?" என்று எவரும் அவரைக் கேட்கவில்லை.

தமிழ் படித்தோருக்கு இத்தகைய காட்சி புதிதன்று. காடு முல்லை, கடல் சார்ந்த நிலம் நெய்தல், இரண்டும் கலந்து வருவதைத் திணைமயக்கம் என்பர். ஆனால் தொல்காப்பியர் முதற்பொருள் என்று எதைச் சொன்னார் என்பதை நாம் இங்கே மறந்துவிடலாகாது. நிலம் மட்டும் முதற்பொருளன்று. நிலமும் பொழுதும் சேர்ந்ததே முதற்பொருள். நிலத்தோடு பொழுதும் கூடினாலன்றி மனிதனின் அகவாழ்வுக்கு இடமில்லை என்ற உண்மை அவ்விலக்கணத்திற் பொதிந்திருக்கிறது. கடற்கரை திறந்திருந்தும் நேரம் இல்லாதவனுக்கு அக்கரை படத்தில் வரைந்த கரையே.

டென்மார்க் மக்களுக்கு இவ்விரண்டும் பிறவிச் சொத்தாக வந்தவை அல்ல. இன்று குழந்தைகள் மானைத் துரத்தி விளையாடும் அக்காடு, பதினேழாம் நூற்றாண்டில் அரசனின் வேட்டைக்காக வேலியிடப்பட்டது. வேட்டைக்கு இடம் போதாமையால், 1670ஆம் ஆண்டளவில் ஸ்டொக்கெரூப் என்னும் உழவர் கிராமம் அகற்றப்பட்டது. 1756இலேதான் காடு பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. 1733 முதல் 1788 வரை, ஆண் குடியானவர்கள் தாம் பிறந்த பண்ணையை விட்டு வெளியேறாதபடி சட்டம் தளையிட்டிருந்தது. துண்டுச் சீட்டு இன்றித் தோட்டத்தை விட்டு வெளியேற முடியாதிருந்த நம் முன்னோரின் நிலையை இது நினைவூட்டவில்லையா? உழவரும் தொழிலாளரும் இயக்கமாகத் திரண்ட பின்னரே நிலைமை மாறியது. சமூக ஜனநாயகக் கட்சி ஆட்சி செய்த காலத்திற் கடற்கரை அமைந்தது. 1938இல் உழைப்போர் யாவருக்கும் ஊதியத்துடன் இரண்டு வார விடுமுறையைச் சட்டம் உறுதி செய்தது. நிலம் முதலில் வந்தது. பொழுது பின்னர் வந்தது. இரண்டும் சேர்ந்த பின்னரே கரை மக்களுடையதாயிற்று.

அந்நாட்டைத் தூய பொன்னுலகாகச் சித்திரிப்பதும் நம் நோக்கமன்று. 1620 முதல் 1845 வரை தரங்கம்பாடியிற் கோட்டை கட்டி வாணிபம் செய்த அரசு அது. ஆயினும் ஒரு நாடு தன் மக்களுக்கு அளித்த நீதியை, அந்நாட்டின் பிற குற்றங்களைக் காட்டி நாம் மறுக்க வேண்டியதில்லை. அந்நீதி ஏன் எல்லா நாட்டிலும் இல்லை என்று கேட்பதே முறை.

இனி நம் நிலத்தைப் பார்ப்போம். நம் மூதாதையரும் கடற்கரையையும் காட்டையும் ஒருங்கே கண்டவர்கள்தாம். பாக்கு நீரிணையைக் கடந்து மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுப் பாதை வழியே மாத்தளை நோக்கி நடந்தார்கள். வாந்திபேதியாலும் பசியாலும் பலர் வழியிலேயே மாண்டார்கள். அதே காலத்தில், 1859இல், கொழும்பிற் காலிமுகத் திடலின் நடைபாதையைக் கட்டி முடித்த தேசாதிபதி ஹென்றி வார்ட், கொழும்புச் சீமாட்டிகளினதும் குழந்தைகளினதும் நலனுக்காக அதைப் பேணும்படி பின்வருவோரைக் கேட்டுக் கல்லிற் பொறித்து வைத்தார். ஒரே தீவு, ஒரே கடல். ஒரு கரை உலாவுவதற்கு. மற்றொரு கரை மாள்வதற்கு.

1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், உரிமையை நிறுவ இயலாத காடுகளையும் தரிசுகளையும் முடிக்குரியவை ஆக்கியது. கிராமத்தவர் விறகு பொறுக்கிய, மாடு மேய்த்த, சேனை செய்த நிலம் ஒரே கையெழுத்தில் அரச நிலமாயிற்று. பின்பு துரைமாரின் தோட்டமாயிற்று. இரண்டு ஆண்டு கழித்து, 1842இல், ஜெர்மனியின் ரைன் பகுதியில் ஏழைகள் காட்டில் விழுந்த சுள்ளியைப் பொறுக்குவதைத் திருட்டாக்க முயன்ற சட்டமன்ற விவாதத்தைக் கண்டித்து, இருபத்து நான்கு வயது மார்க்ஸ் எழுதினார். ரைன் நதிக்கரையிலும் களு கங்கைக் கரையிலும் ஏறத்தாழ ஒரே காலத்தில் ஒரே கை வேலை செய்திருக்கிறது. சிங்களக் குடியானவன் இழந்த நிலத்திலேதான் தமிழ்த் தொழிலாளி கொண்டுவந்து நிறுத்தப்பட்டான். இழந்தவனும் பெறவில்லை, உழைத்தவனும் பெறவில்லை. இருவரும் ஒருவரையொருவர் பகைக்கக் கற்பிக்கப்பட்டதே மிச்சம்.

நிலம் இவ்வாறு போயிற்று. பொழுது என்னாயிற்று? இறப்பர்த் தோட்டத்தில் விடியுமுன் பால் வெட்டத் தொடங்க வேண்டும். வெயில் ஏறினால் பால் வடிவது குறையும். பிரட்டுக்குப் பிந்தினால் வேலை இல்லை. குறித்த நிறை தேறாவிட்டால் அரைப் பேர். வேலை முடிந்தபின் தண்ணீரும் விறகும் அடுப்பும் காத்திருக்கின்றன. பெண்ணுக்கு அன்றைய பொழுதில் எஞ்சுவது உறக்கம் ஒன்றே.

மழைநாளில் வெட்டு இல்லை, ஓய்வுதானே என்பார் உண்டு. இரத்தினபுரியில் ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பொழிகிறது. மழை பெய்தால் மரத்தில் வெட்டு இல்லை. வெட்டு இல்லாவிட்டால் செக்றோலிற் பேர் இல்லை. லயத்துக் காம்பராவில் குந்தியிருந்து, கடைக் கணக்கை மனத்திற் கூட்டிக்கொண்டே மழையைப் பார்ப்பவனை ஓய்வு கொள்பவன் என்று சொல்லலாமா? வேலையின்மை வேறு, ஓய்வு வேறு. நாளைய சோற்றுக்கு உறுதி உள்ளவனுடைய வெறும் நேரமே ஓய்வு. அவ்வுறுதி இல்லாதவனுடைய வெறும் நேரம் கவலை.

இவை இரண்டோடு மூன்றாவதாக ஒன்றும் வேண்டும், அதுவே அச்சமின்மை. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றவராக்கியது. 1964இல் இரு பிரதமர்கள் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்குமாகப் பங்கிட்டனர். இந்திய வம்சாவளியினருள் எஞ்சியோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இலேதான் வந்தது. இடையில் 1977, 1981, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்கள் சப்ரகமுவத் தோட்டங்களையும் தீண்டின. சிங்களக் கிராமங்களின் நடுவே சிறுசிறு தீவுகளாய்ச் சிதறிக் கிடக்கும் லயங்களிலிருந்து மக்கள் இரவிற் காட்டுக்குள் ஓடி ஒளிந்தார்கள். 2016 மே 17ஆம் நாள் கேகாலை மாவட்டத்தில் மலை சரிந்தபோது, புளத்கொஹுபிட்டியவில் மண்ணுக்குள் புதைந்தது ஒரு தோட்ட லயமே. காடு என்றதும் ஒளிந்திருந்த இரவும், மலை என்றதும் சரிந்த மண்ணும் நினைவுக்கு வருபவரிடம் இயற்கை இரசனையைப் பற்றி எப்படிப் பேசுவது?

நம் தோழர்கள் சிலர் கேட்கக்கூடும்: கூலி கேட்டுப் போராடும் மக்களுக்குக் கடற்கரையும் காடும் எதற்கு? முதலில் சோறு, பிறகல்லவா சுவை? இக்கேள்வியில் நியாயம் உண்டு. ஆனால் அந்த நியாயம் முழுமையானதன்று. 1886இல் சிக்காகோ தொழிலாளர் கேட்டது எட்டு மணி நேர வேலை. பொழுதில் ஒரு பங்கு தமக்கே உரியது என்ற உரிமைக்குரல் அது. 1948இல் ஐக்கிய நாடுகள் வெளியிட்ட மனித உரிமைப் பிரகடனத்தின் 24ஆம் பிரிவு ஓய்வையும் ஊதியத்துடன் கூடிய விடுமுறையையும் உரிமையென அறிவித்தது. சோற்றை மட்டும் கேட்பவனுக்கு முதலாளி சோற்றை மட்டும் அளந்து போடுவான். உழைப்பாளி கருவி அல்லன், மனிதன் என்பதை அவனுடைய ஓய்வு நேரமே மெய்ப்பிக்கிறது.

காட்டை எல்லோருக்கும் திறந்தால் காடு அழியும் என்பது மற்றொரு வாதம். சிங்கராஜ வனத்தின் வரலாறு இதற்கு விடை தருகிறது. 1970களின் தொடக்கத்தில் அவ்வனத்தில் இயந்திரங்களை இறக்கி மரம் வெட்டியது ஒட்டுப்பலகைத் தொழிற்சாலைக்காக வகுத்த அரசுத் திட்டம். அதை 1977இல் நிறுத்த வைத்தது பொதுமக்களின் எதிர்ப்பு. 1988இல் அவ்வனம் உலக மரபுரிமையாயிற்று. சுவீடனில் பிறர் நிலத்திலும் நடக்கவும், காட்டுப் பழம் பறிக்கவும், ஓரிரவு தங்கவும் மரபுரிமை உண்டு. 1994 முதல் அந்நாட்டு அரசியலமைப்பும் அதைக் குறிப்பிடுகிறது. எதையும் கெடுக்கலாகாது என்ற கடமையோடு பிணைந்த உரிமை அது. தனக்கும் உரியது என்று உணர்பவனே ஒன்றைக் காப்பான். காவலாளியின் கம்புக்கு அஞ்சி விலகி நிற்பவனுக்கு அதைக் காக்கும் கடமை எங்கிருந்து வரும்?

இக்கருத்து வடதுருவப் பனியில் மட்டும் முளைத்ததன்று. மார்கழிப் பௌர்ணமி முதல் வைகாசி வரை சிவனொளிபாத மலைக்குச் செல்லும் பாதைகளைப் பாருங்கள். இரத்தினபுரியிலிருந்து பலாபத்தல வழியாகக் காட்டினூடே ஏறுபவருள் சிங்களவர் உண்டு, தமிழர் உண்டு. சிவன் பாதம் என்பாரும் புத்தர் பாதம் என்பாரும் ஆதம் பாதம் என்பாரும் உண்டு. வழி எவருடைய தனிச்சொத்தும் அன்று. முதியவர் ஏறக் கை கொடுப்பவர் அவருடைய இனத்தைக் கேட்பதில்லை. ஆண்டில் ஒரு முறையேனும் தோட்டத் தொழிலாளி கூடையையும் வாளியையும் இறக்கி வைத்துவிட்டு, காட்டையும் மலையையும் தன்னுடையனவாக நடந்து கடக்கிறான். சூரியன் எழுவதை வெறுமனே பார்ப்பதற்காக ஓர் இரவு முழுவதும் ஏறுகிறான். அவனுக்கு எழிலுணர்ச்சி இல்லை என்று யார் சொல்வது?

தெய்வத்தின் பெயரால் ஓரிரவு கிடைக்கும் அவ்வுரிமை, மனிதனின் பெயரால் ஆண்டு முழுவதும் கிடைக்க வேண்டும். அதற்குக் குடியிருக்கச் சொந்த நிலம் வேண்டும். மழைநாளிலும் அறாத ஊதியம் வேண்டும். ஊதியத்தோடு கூடிய விடுமுறை வேண்டும். அயற் கிராமத்தானோடு அஞ்சாது கூடி அமரும் ஆற்றங்கரை வேண்டும். நம் வகுப்பறைகளில் முதற்பொருள் என்றால் என்னவென்று கேட்கிறோம். மாணவர் தயங்காமல், நிலமும் பொழுதும் என்கிறார்கள். அவ்விரண்டும் தங்கள் பெற்றோருக்கு ஏன் இல்லை என்று அவர்கள் திருப்பிக் கேட்கும்போது, அதற்கும் விடை சொல்லக் கடமைப்பட்டவர்கள் நாம்.