பெரிய உடையார் குலம் வாழ்க

காஞ்சி மாநகருக்கு மேற்கே திருப்புட்குழி என்னும் திவ்ய தேசம் விளங்குகின்றது. புள் என்பது பறவை. ஸ்ரீராமபிரான் ஒரு பறவைக்கு ஈமக் கடன் செய்தருளிய தலமாதலால் அத்திருநாமம் அமைந்தது என்பர் பெரியோர். அங்கே விஜயராகவப் பெருமாள், ஜடாயுவைத் தம் திருத்தொடைமேல் தாங்கியவராய்ச் சேவை சாதிக்கின்றார்.

ஜடாயு மகாராஜரை நம் பூர்வாசாரியர்கள் “பெரிய உடையார்” என்று கொண்டாடுவர். அவர் அருணனின் திருக்குமாரர்; சம்பாதியின் இளவல்; தசரத சக்கரவர்த்தியின் தோழர். பிராட்டியை இராவணன் கவர்ந்து செல்லக் கண்டதும், தமது முதுமையையோ அவனது வலிமையையோ எண்ணாமல் எதிர்த்து நின்றார். சிறகற்று வீழ்ந்த பின்னும், பெருமாள் எழுந்தருளும் வரை உயிரைத் தாங்கியிருந்து, செய்தியைத் தெரிவித்த பிறகே திருநாடு அடைந்தார். தந்தையாருக்குத் தீக்கடன் செய்யும் பேறு வனவாசத்தால் வாய்க்காத பெருமாள், அப்புள்ளரசருக்குப் புதல்வராய் நின்று சிதை மூட்டினார்.

பிணந்தின்னி என்று உலகம் ஒதுக்கும் பறவையைப் பெருமாள் தந்தையாக வரித்தார் என்பதே இச்சரிதத்தின் சாரம். பாறு என்று தமிழ் கூறும் அப்பறவை செய்யும் தொண்டும் சிறியதன்று. காட்டிலும் மேய்ச்சல் நிலத்திலும் மடிந்து கிடக்கும் உடல்களை விரைவில் உண்டு தீர்த்து, நிலத்தையும் நீரையும் தூய்மையாக வைத்திருக்கும் அந்தரங்கத் தொண்டர் கூட்டம் அது.

அக்கூட்டம் இன்று அருகிவிட்டது. பாரத தேசத்தில் வெண்முதுகுப் பாறுகள் 1992-க்கும் 2007-க்கும் இடையில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கும் மேல் அழிந்தன. தமிழகத்தில் நீலகிரி மலையடிவாரத்து மாயாற்றுப் பள்ளத்தாக்கை ஒட்டிய காடுகளே அவற்றின் முக்கியப் புகலிடம். எந்த வேடன் இவற்றை வீழ்த்தினான்? வேடன் எவனும் இல்லை. மாட்டின் வலியைத் தணிக்கக் கொடுத்த டைக்ளோபினாக் என்னும் மருந்தே காரணம் என 2004-ஆம் ஆண்டு அறிவியலார் உலகுக்கு அறிவித்தனர். அம்மருந்து ஏற்ற மாடு விரைவில் இறந்துபோனால், அதன் உடலைத் தின்ற பாறுகளுக்குச் சிறுநீரகம் கெட்டு, சில நாட்களில் உயிர் பிரிகின்றது.

இராவணனது வாள் பகையால் வீழ்த்தியது. நம் காலத்து மருந்தோ கருணையால், ஆனால் அறியாமையோடு கூடிய கருணையால், வீழ்த்தியது.

மாடுகளுக்கு இம்மருந்தை அளிப்பதை அரசு 2006-ல் தடை செய்தது. மனிதருக்கென விற்கும் மருந்தையே மாட்டுக்கும் போடும் வழக்கம் நீடித்தமையால், 2015-ல் அதன் பெரிய குப்பிகளும் தடுக்கப்பட்டன. பாறுகளுக்குக் கேடு தரும் கீட்டோபுரோபன், அசிக்ளோபினாக் ஆகியவையும் கால்நடைகளுக்கு ஆகாவென 2023-ல் விலக்கப்பட்டன. அரியானா மாநிலத்துப் பிஞ்சூரில் இப்பறவைகளைப் பேணி இனம் பெருக்கி வருகின்றனர். ஆயினும் பாறு ஆண்டுக்கு ஒரே முட்டைதான் இடும். விரைவில் அழிந்த குலம் மெல்லத்தான் தழைக்க முடியும்.

பசுவுக்கு இரங்கினால் புள்ளுக்குத் தீங்கு என்னும் தர்மசங்கடம் இங்கே இல்லை. மெலாக்சிகாம் என்னும் மருந்து மாட்டின் வலியையும் தணிக்கும். பாறுக்கும் கேடு செய்யாது. கறவை வைத்திருக்கும் அன்பர்கள் கால்நடை மருத்துவரிடம் அதனைக் கேட்டுப் பெறுதல் வேண்டும். மனிதருக்கான ஊசி மருந்தை மாட்டுக்குப் போடலாகாது. கன்றைக் கொன்ற சிறுத்தையைப் பழிவாங்க இறந்த உடலில் நஞ்சு தடவுவதும் கொடிது. அந்நஞ்சு சிறுத்தையோடு நிற்பதில்லை. ஒரு பறவைக் கூட்டத்தையே மாய்த்துவிடும்.

சேதனமும் அசேதனமும் எம்பெருமானுக்குத் திருமேனி என்பது ஸ்ரீராமாநுச தரிசனம். அத்திருமேனியில் ஓர் அங்கம் நலியும்போது வாளாவிருப்பது அடியார்க்கு அழகன்று. உற்சவ காலத்தில் கருட வாகன சேவையைக் கண்டு கைகூப்பும் அன்பர்கள், கருடனது தமையன் மகனாகிய பெரிய உடையாரையும் நினைப்பார்களாக. ஒரு புள்ளுக்குப் பெருமாள் தம் கையால் இறுதிக் கடன் செய்தார். அக்குலம் முழுமைக்கும் இறுதிக் கடன் செய்ய நேராமல் காப்பதே இன்று அடியார்கள் செய்யத்தக்க கைங்கரியம். விஜயராகவன் திருவுள்ளம் அதனை உகக்கும்.