பெரும்பாடும் பாடுகளும்

நம் பாட்டிமார் வாய்விட்டுச் சொல்லக் கூசிய ஒரு நோய்க்குத் தமிழ் மருத்துவம் ‘பெரும்பாடு’ என்று பெயர் வைத்தது. மாதவிலக்கின்போது அளவுக்கு மிஞ்சிக் குருதி வெளியேறுவதே அந்நோய். பன்னிரண்டு ஆண்டுகள் இரத்தப்போக்கினால் வருந்திய நற்செய்திப் பெண்ணைக் குறிக்கப் பழைய விவிலிய மொழிபெயர்ப்பும் இச்சொல்லையே எடுத்தாண்டது. ‘பாடு’ என்றால் துன்பம். ஆண்டவர் பட்ட துன்பங்களையும் நாம் ‘பாடுகள்’ என்றே சொல்லித் தியானிக்கிறோம். ஒரே சொல் இவ்விரண்டு இடங்களிலும் நிற்பதனால் ஒரு கேள்வி எழுகிறது. பெரும்பாட்டினால் நலிவுறும் பெண், அதைத் தன் சிலுவையென ஏற்றுப் பொறுத்துக்கொண்டிருப்பது அறமாகுமா?

“பெண்ணாய்ப் பிறந்தால் இதெல்லாம் இருக்கத்தான் செய்யும், ஆண்டவருக்கு ஒப்புக்கொடுத்துவிடு” என்ற ஆறுதல் நம் இல்லங்களுக்குப் புதிதன்று. சொல்பவர்கள் அன்போடுதான் சொல்கிறார்கள். ஆனால் நற்செய்தி காட்டும் பெண் ஒப்புக்கொடுத்துவிட்டு மூலையில் உட்கார்ந்திருக்கவில்லை. மாற்கு நற்செய்தியின் ஐந்தாம் அதிகாரத்தைப் பொறுமையாக வாசித்துப் பாருங்கள். அவள் மருத்துவர் பலரிடம் சென்றாள். கைப்பொருள் அனைத்தையும் இழந்தாள். நோயோ இன்னும் முற்றியது. (மருத்துவர் என மரபு கூறும் லூக்கா இதே நிகழ்ச்சியை எழுதும்போது, நோய் முற்றிய செய்தியை விட்டுவிடுகிறார். தொழிற்பற்று யாரைத்தான் விட்டது!) லேவியர் நூலின் சட்டப்படி அவள் தொட்டதெல்லாம் தீட்டு. எனினும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து ஆண்டவரின் ஆடையைத் தொட்டாள். நலம் தேடி வந்ததற்காக அவர் அவளைக் கடிந்துகொள்ளவில்லை. பொறுமையைப் பற்றி அறிவுரை கூறவுமில்லை.

நன்மையின் பொருட்டு ஒருவர் மீது வந்து விழும் துன்பம் வேறு. நீக்கத்தக்க நோயை நீக்காமல் வைத்துக்கொண்டிருப்பது வேறு. முன்னதையே சிலுவை என்கிறோம். பின்னதற்கு அப்பெயரைச் சூட்டினால் சிலுவையின் பொருளும் கெடும், பெண்ணின் உடலும் கெடும். அந்தக் கேடு அவளோடு நிற்பதுமில்லை. குருதி வற்றிய தாய் கருவுற்றால் பேறுகாலத்தில் அவள் உயிருக்கும், கருவிலுள்ள குழந்தையின் வளர்ச்சிக்கும் இடர் மிகுதி.

ஒரு விலக்கில் 80 மில்லிலிட்டருக்கு மேல் குருதி போவது மிகுதி என்று மருத்துவ நூல்கள் கணக்கிட்டன. அளவுக் குவளை வைத்து யார் அளப்பது? எனவே அன்றாட வாழ்வை அது முடக்குகிறதா என்பதையே இன்று மருத்துவர்கள் முதலில் கேட்கிறார்கள். ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அணையாடை முழுதும் நனைந்து மாற்ற நேர்ந்தாலும், கட்டிகட்டியாகப் போனாலும், ஏழு நாளைக் கடந்தாலும் அது கவனிக்க வேண்டிய நோயே. 2019–21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வு, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருப்பதாகக் கண்டது. எல்லாம் பெரும்பாட்டினால் வந்ததன்று. உணவுக் குறைவும் பிறவும் உண்டு. ஆயினும் மாதந்தோறும் இழப்பதை ஈடுகட்ட நம் வீடுகளின் கடைசிப் பந்திச் சோறு போதாது என்பதைச் சொல்ல ஆய்வு வேண்டியதில்லை. படியேறினால் மூச்சு வாங்குகிற மருமகளைச் சோம்பேறி என்று ஏசுகிற வீட்டில், நோய் குணக்கேடாக எண்ணப்படுகிறது.

இந்நோய்க்கு மருந்து இருக்கிறது. அதன் வரலாறும் கேட்கத்தக்கது. ஜப்பானில் உத்தாகோ ஒகமோட்டோ என்னும் பெண் மருத்துவரும் அவர் கணவர் ஷோசுக்கேயும், பிள்ளைப்பேற்றில் குருதி பெருகித் தாய்மார் இறப்பதைத் தடுக்க வேண்டுமென்று தேடத் தொடங்கினார்கள். போருக்குப் பிந்திய வறுமைக் காலம். ஆய்வுக்கு இரத்தம் போதாவிட்டால் தங்கள் இரத்தத்தையே எடுத்துக்கொள்ளலாம் என்பதும் அத்துறையை அவர்கள் தேர்ந்ததற்கு ஒரு காரணம். 1962இல் டிரானெக்சாமிக் அமிலத்தை அவர்கள் உலகுக்கு அறிவித்தார்கள். பேறுகாலக் குருதிப்பெருக்கினால் தாய்மார் சாவதை அது குறைக்கிறது என்பதை இருபதாயிரம் பெண்களிடம் நடந்த பெரும் ஆய்வொன்று 2017இல் நிறுவியது. உத்தாகோ அம்மையார் அதற்கு முந்திய ஆண்டு மறைந்துவிட்டார்.

இம்மருந்து குருதியைப் புதிதாக உறையச் செய்வதில்லை. உடல் தானே கட்டிய உறைவு விரைந்து கரைந்துபோகாமல் காக்கிறது. மாதப் போக்கை ஏறத்தாழப் பாதியளவு குறைக்கவல்லது. போக்கு மிகுந்த நாட்களில் மட்டும், பெரும்பாலும் நான்கு நாள் வரை உட்கொள்வது முறை. இதில் ஹார்மோன் இல்லை, கருத்தரிப்பையும் தடுப்பதில்லை. ஆனால் காலிலோ நுரையீரலிலோ முன்பு இரத்தக்கட்டி ஏற்பட்டவர்களுக்கு இது ஆகாது. சிறுநீரகம் நலிந்தவர்களுக்கு அளவைக் குறைக்க வேண்டும். ஹார்மோன் மாத்திரை உண்பவர்கள் அதை மருத்துவரிடம் சொல்லாமல் இதைத் தொடக்கூடாது. ஆக, மாத்திரையின் பாதுகாப்பில் பாதி, அதற்கு முன் கேட்கப்படும் கேள்விகளில் அடங்கியிருக்கிறது.

கேள்விகள் ஏன் வேண்டும் என்பதற்கு ஒரு பழைய செய்தி. பால்டிக் கடலிலுள்ள ஓலாந்துத் தீவுகளில், சிறு காயத்துக்கும் குருதி நிற்காத ஒரு குடும்பத்தைப் பின்லாந்து மருத்துவர் எரிக் ஃபான் வில்லபிராண்டு ஆராய்ந்து 1926இல் எழுதினார். அவர் முதலில் பார்த்த சிறுமி, பின்னர் தன் நான்காவது மாதவிலக்கில் குருதி இழந்தே இறந்தாள். அவர் பெயரால் இன்று வழங்கும் அந்தப் பரம்பரைக் குறை எல்லா நாட்டிலும் உண்டு. நம் நாட்டிலும் உண்டு. மெஃபனாமிக் அமிலம் என்ற வலி மாத்திரை பொதுவாக விலக்கின் வலியையும் போக்கையும் குறைக்கும். இக்குறை உடைய பெண்ணுக்கோ அதுவே போக்கைக் கூட்டிவிடும். பூப்பெய்திய நாள் முதல் மிகுதியாகப் போகிறதா, மூக்கில் அடிக்கடி இரத்தம் வருகிறதா, பல் பிடுங்கியபோது நின்றதா என்று கேட்டால் அல்லவா தெரியும்? செய்தித்தாளில் சுற்றி, முகம் பாராமல் நீட்டப்படும் மாத்திரைக்கு முன்னால் எந்தக் கேள்வியும் இல்லை.

இந்த மௌனத்தின் கடைசி எல்லை எது என்பதை 2019இல் கண்டோம். தமிழ்நாட்டின் ஆயத்த ஆடைத் தொழிற்கூடங்களில் வேலை செய்த பெண்கள் பலர், விலக்கு வலிக்கெனத் தங்களுக்குப் பெயர் அச்சிடாத மாத்திரைகள் தரப்பட்டதாகச் செய்தியாளர்களிடம் கூறினர். விழுங்குவது என்னவென்று விழுங்குபவளுக்குத் தெரியாது. நோயைத் தீர்க்க அன்று, தையல் எந்திரம் நிற்காதிருக்கத் தரப்பட்ட மாத்திரை அது. அதே ஆண்டில் மகாராட்டிர மாநிலம் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண்கள் பலர் இள வயதிலேயே கருப்பையை எடுத்துவிட்ட செய்தியும் வெளிவந்தது. விலக்கு நாளில் வேலைக்குப் போகாவிட்டால் தண்டத்தொகை கட்ட வேண்டும் என்பது அவர்கள் சொன்ன காரணங்களுள் ஒன்று. தேவையற்ற கருப்பை நீக்கங்களைத் தடுக்கும் நெறிமுறைகளை மாநிலங்கள் கடைப்பிடிக்க வேண்டுமென 2023இல் உச்ச நீதிமன்றமே பணிக்க நேர்ந்தது. மாத்திரையில் அடங்கியிருக்கக்கூடிய நோய்க்கு உறுப்பையே விலையாகக் கொடுத்தவர் எத்தனை பேரோ!

நம் மக்களிடையே இன்னொரு தயக்கமும் இருக்கிறது. போக்கைக் கட்டுப்படுத்த மருத்துவர் சில வேளை ஹார்மோன் மாத்திரைகளை எழுதித் தருவார். அவை குடும்பக் கட்டுப்பாட்டுக்கும் பயன்படுபவை என்று அறிந்ததும் மனச்சான்று கூசுகிறது. திருத்தந்தை ஆறாம் சின்னப்பர் 1968இல் வெளியிட்ட ‘மனித உயிர்’ சுற்றுமடலின் 15ஆம் பத்தி இதற்கென்றே எழுதப்பட்டது போலிருக்கிறது. நோயைக் குணமாக்க உண்மையிலேயே தேவைப்படும் மருத்துவத்தைத் திருச்சபை தவறென்று கொள்ளவில்லை. அதனால் கருத்தரிப்பு தடைபடும் என்று முன்னரே தெரிந்திருந்தாலும், அத்தடையே நோக்கமாக இல்லாதவரை, அது ஏற்கத்தக்கதே. கருத்தடையைக் கண்டித்த அதே மடல்தான் இதையும் சொல்கிறது. இதைப் பங்குகளில் உரத்துச் சொன்னவர்கள் குறைவு என்பது என் எண்ணம். மணமாகாத மகளின் கையில் அந்த அட்டையைக் கண்டால் அக்கம்பக்கத்தார் என்ன நினைப்பார்களோ என்று அஞ்சும் தாய்க்கு மனச்சான்றைவிட அயலாரின் நாவே பெரிய தடை. அதற்குச் சுற்றுமடலில் மருந்தில்லை.

மீண்டும் அந்த நற்செய்திப் பெண்ணிடம் போவோம். அவள் தொட்டவுடனேயே குணமடைந்துவிட்டாள். பின்னர் எதற்காக ஆண்டவர் நின்று, தம்மைத் தொட்டவர் யாரென்று கேட்டார்? அவள் நடுங்கிக்கொண்டே வந்து, நடந்தது முழுவதையும் கூட்டத்தின் நடுவே சொன்னாள். அதன் பிறகே ‘மகளே’ என்ற அழைப்பு. மறைத்து வைக்கப்பட்டிருந்த ஒன்று சொல்லாக வெளிவருவதையும் அவர் நலம்பெறுதலின் பகுதியாகவே கருதினார் போலும்.

இன்று மருத்துவரிடம் போகும் பெண்ணும் சொல்ல வேண்டியது அந்த முழுமையே: எந்தத் தேதியில் தொடங்கியது, நாளைக்கு எத்தனை அணையாடை, கட்டி போகிறதா, நாள் தள்ளிப்போய்ப் பின் வந்த போக்கா, கால் வீங்கியதுண்டா, குடற்புண் உண்டா, வேறு என்ன மாத்திரை உண்கிறாள், விலக்கு நின்று ஓராண்டு கடந்தபின் மீண்டும் வந்ததா. இந்தக் கடைசிக் கேள்விக்கு ஆம் என்பது விடையானால், காரணத்தைச் சோதித்து அறியுமுன் எந்த மாத்திரையும் ஆகாது. இவற்றைச் சிறு தாளில் குறித்துக்கொண்டு போவது நல்லது. மருத்துவரின் அறையில் கேள்வி பிறந்ததும் கணவரோ மாமியாரோ முந்திக்கொண்டு விடை சொல்வது நம்மிடையே வழக்கம். அவர்கள் சற்று நேரம் வெளியே அமர்ந்திருக்கட்டும்.