கேட்டலும் வழிபாடே

மைசூரு நகரின் சிவராம்பேட்டையில் ஸ்ரீபிரசன்ன சீதாராம மந்திரம் அமைந்துள்ளது. இதனை எழுப்பியவர் மன்னர் அல்லர், வணிகரும் அல்லர், ஒரு பாடகர். பிடாரம் கிருஷ்ணப்பா (1866-1931) என்பது அவரது பெயர். கடலோரக் கன்னட நாட்டின் நந்தளிகெ என்னும் ஊரில் எளிய குடும்பத்தில் பிறந்து, மைசூர் அரசவை வித்வானாக உயர்ந்தவர் அவர். ஹரிதாசர்களின் கன்னடப் பதங்களைக் கச்சேரி மேடையில் விருப்பத்துடன் பாடி, அவற்றுக்கு அங்கே உரிய இடத்தைப் பெற்றுத் தந்தவர். இசையால் ஈட்டிய பொருளை அவர் தமக்கென்று சேர்த்து வைத்திருந்தாலும் எவரும் குறை கூறியிருக்க மாட்டார்கள். அவரோ அதனைக் கொண்டு ஸ்ரீராமபிரானுக்கு ஓர் இல்லம் அமைத்தார்.

அரண்மனையில் பாடும்போது கேட்பவர்கள் மன்னரும் அவரால் அழைக்கப்பட்டவர்களுமே. ராம மந்திரத்தின் நிலை வேறு. அங்கே கேட்பவர்களில் முதல்வன் இறைவன். அவனுடன் அமர்ந்து கேட்பதற்கு அழைப்பிதழ் தேவையில்லை. ராமநவமி உற்சவத்தில் தென்னாட்டின் பெரும் வித்வான்கள் அங்கே பாடினர். பானகமும் கோசம்பரியும் பிரசாதமாக வழங்கப்படும் அந்த நாட்களில், இசையும் அவ்வாறே பிரசாதமாயிற்று.

கிருஷ்ணப்பாவின் சீடர்களுள் புகழ்பெற்றவர் வயலின் மேதை டி. சௌடையா (1895-1967). ஒலிபெருக்கி பரவாத அக்காலத்தில், பாடகரின் குரல் எட்டிய தொலைவுக்கு வயலினின் நாதம் எட்டவில்லை. கடைசியில் அமர்ந்திருப்பவர் காதிலும் விழவேண்டும் என்று அவர் நான்கு தந்திகளுடன் மேலும் மூன்றைச் சேர்த்தார். ஏழு தந்தி வயலின் என்றதும் அதனை விந்தையாகப் பேசுவோர் உண்டு. உண்மையில் அது கேட்பவர்பால் கொண்ட அக்கறையில் பிறந்தது.

பாடுபவருக்கு இவ்வளவு அக்கறை இருக்க, கேட்பவருக்கும் ஒரு கடமை இருக்கவேண்டும் அல்லவா?

ஸ்ரீமத் பாகவதத்தில் பிரகலாதன் பக்தியின் ஒன்பது வகைகளைக் கூறுகிறான். அவற்றுள் முதலாவது சிரவணம், அதாவது கேட்டல். பாடுதலாகிய கீர்த்தனம் அதற்கு அடுத்தே வருகிறது. ‘எனக்குப் பாடத் தெரியாது, கேட்க மட்டுமே தெரியும்’ என்று வருந்தும் பக்தர் பலர். பிரகலாதனின் வரிசையைப் பார்த்தால் அவர்கள் வருந்தக் காரணமில்லை. வேதாந்த சாதனையும் சிரவணம், மனனம், நிதித்யாசனம் என்று கேட்டலிலேயே தொடங்குகிறது. பக்தி நெறியும் ஞான நெறியும் ஒரே வாயிலில் வந்து நிற்பது சிந்திக்கத்தக்கது.

காதில் ஒலி விழுவது எல்லாம் சிரவணம் ஆகிவிடாது. வானொலி பாடிக்கொண்டிருக்கும், வீட்டில் காய் நறுக்கும் வேலையும் நடக்கும். அதில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் கருவியில் ஒலிக்கும் பாட்டு நமக்கு அடங்கியது. வேண்டும்போது நிறுத்தலாம், விட்டதை மறுபடி கேட்கலாம். எதிரில் அமர்ந்து ஒருவர் பாடும்போது நாம் அந்தப் பாட்டுக்கு அடங்கவேண்டியிருக்கிறது. கடந்துபோன ஸ்வரம் திரும்ப வராது. மனம் ஒரு கணம் கடைத்தெருவுக்குச் சென்றால் அந்தக் கணத்தின் இசை போயிற்று. தியானத்தில் அமர்பவருக்கு இந்த அனுபவம் நன்கு தெரிந்ததே.

இத்தகைய பயிற்சிக்குப் பெரிய அரங்கம் தேவையில்லை. மைசூருவின் ஒண்டிக்கொப்பலில், வாணி விலாச மொஹல்லாவின் எட்டாவது குறுக்குத் தெருவில், 1962-இல் விநாயகர் சதுர்த்தியை ஒட்டி இசைவிழா ஒன்று தொடங்கப்பட்டது. தெருவிலேயே பந்தல், கட்டணம் கிடையாது. குடியிருப்போர் நடந்து செல்லும் அதே தெருவில் தலைசிறந்த வித்வான்கள் வந்து பாடினர். அறுபது ஆண்டுகளைக் கடந்து நிற்கிறது அந்த விழா.

தெருவைவிடவும் சிறிய அரங்கம் வீடு. தசராவின்போது மைசூருவின் வீடுகளில் பொம்மைகள் அலங்கரிக்கப்படும். ‘பொம்மை வைத்திருக்கிறீர்களா?’ என்று கேட்டபடி குழந்தைகள் வீடு வீடாகச் செல்வது அங்கே பழைய வழக்கம். தமிழகத்துக் கொலுவைப் போலவே அங்கும் வந்தவர்களைப் பாடச் சொல்வார்கள். ஒரு சிறுமி தயங்கித் தயங்கித் தொடங்குவாள். இரண்டாவது வரியில் பெரியவர்களின் பேச்சு புடவைக்கும் வெள்ளிக் கிண்ணத்துக்கும் திரும்பிவிடும். அவள் பாட்டை எப்படியோ முடித்துச் சுண்டலைப் பெற்றுக்கொள்வாள். தேவியின் முன்னிலையில் அவளைப் பாடச் சொல்லிவிட்டுக் கேளாதிருப்பது, நைவேத்தியம் படைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வதற்கு ஒப்பானது. சுருதி சற்று விலகினால் என்ன? அந்த ஐந்து நிமிடம் வாய்மூடி இருப்பது பெரியவர்களுக்கு எளிதான தவம் அன்று.

1892-இல் சுவாமி விவேகானந்தர் மைசூருவில் தங்கியிருந்தார். அரண்மனையில் ஆஸ்திரிய இசைக்கலைஞர் ஒருவருடன் ஐரோப்பிய இசை பற்றி அவர் உரையாடியது கேட்டோரை வியப்பில் ஆழ்த்தியது. மன்னர் சாமராஜ உடையார் அவரது குரலை ஃபோனோகிராஃப் கருவியில் பதிவு செய்வித்தார். அரண்மனையில் போற்றிக் காக்கப்பட்ட அந்தப் பதிவு நாளடைவில் தெளிவிழந்துவிட்டதாக அவரது வாழ்க்கை வரலாறு கூறுகிறது.

அதே குரல், அதற்குப் பதினோரு ஆண்டுகளுக்கு முன்னர், எந்தக் கருவியும் இல்லாத ஒரு வீட்டில் ஒலித்தது. 1881 நவம்பரில் கல்கத்தாவின் சிம்லா பகுதியில் சுரேந்திரநாத் மித்ரர் தம் இல்லத்துக்கு ஸ்ரீராமகிருஷ்ணரை அழைத்திருந்தார். பக்தர்கள் கூடிவிட்டனர், பாடுவதற்கு நல்ல பாடகர் கிடைக்கவில்லை. அண்டையில் வசித்த ஒரு கல்லூரி மாணவர் நன்றாகப் பாடுவார் என்பது சுரேந்திரருக்கு நினைவு வந்தது. அழைத்து வந்தார். அவர்தான் நரேந்திரர்.

ஸ்ரீராமகிருஷ்ணர் கேட்டார். பாடியவர் யார், எத்தகையவர் என்று விசாரித்தார். தட்சிணேசுவரத்துக்கு வருமாறு அவரிடமே கூறினார். தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த நரேந்திரருக்கு அந்த அழைப்பு அப்போது பெரிதாகத் தோன்றவில்லை. கேட்டவரோ அவரை மறக்கவில்லை. பின்னர் சுரேந்திரருடன் நரேந்திரர் தட்சிணேசுவரம் சென்றபோது, அங்கேயும் அவரைப் பாடும்படிதான் கேட்டார்.