களைதல்

ஒன்பதாம் தரத்து ஆங்கில பாடத்தில் ஒருநாள் 'டிஸ்ஆர்ம்' என்ற வினைச்சொல் வந்தது. 'ஆயுதம் களைதல்' என்று கரும்பலகையில் எழுதினேன். பின்வாங்கில் இருந்த மாணவன் எழும்பி, "சேர், களையிறதென்றா ஆர் களையிற? வச்சிருக்கிறவனா, பறிக்கிறவனா?" என்று கேட்டான். வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. முந்திய வாரந்தான் அவனுடைய கெட்டப்போலைப் பறித்து என் மேசை லாச்சிக்குள் போட்டுப் பூட்டியிருந்தேன்.

அவன் கேட்டது இலக்கணக் கேள்விதான். ஆனால் அதற்குள் ஓர் அறக் கேள்வியும் இருந்தது.

முதலில் சொல்லின் வரலாற்றைப் பார்ப்போம். லத்தீனில் 'ஆர்மா' என்றால் ஆயுதங்கள். அதிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாகப் பதினான்காம் நூற்றாண்டில் இந்த வினை ஆங்கிலத்துக்கு வந்தது. 'அலார்ம்' என்ற சொல்லும் இதே குடும்பம். 'ஆயுதங்களை எடுங்கள்' என்ற இத்தாலியக் கூவலே இன்று நம்மை அதிகாலையில் எழுப்பும் மணியாகியிருக்கிறது. கையைக் குறிக்கும் 'ஆர்ம்' வேறு. அது ஜெர்மானிய வழிச் சொல். ஆயினும் இரண்டுக்கும் அடியில் 'பொருத்து' என்ற பொருளுடைய ஒரே பழைய வேர் இருக்கிறது என்பர் மொழியியலாளர். தோளோடு பொருந்துவது கை. மனிதனோடு பொருத்தப்படுவது ஆயுதம். முன்னையது பிறப்போடு வருகிறது, பின்னையதை நாமே பூட்டிக்கொள்கிறோம்.

ஆங்கிலத்தில் இந்த வினை இரண்டு விதமாகவும் வரும். ஒருவன் தானே ஆயுதத்தைக் கீழே வைத்தாலும் 'டிஸ்ஆர்ம்'; மற்றவன் பறித்தாலும் 'டிஸ்ஆர்ம்'. ஒரு சிரிப்பு நம் கோபத்தைக் கரைத்துவிட்டால் அதற்கும் அவர்கள் இதே சொல்லைத்தான் ஆளுகிறார்கள். பறித்தலும் வைத்தலும் ஒரே சொல்லுக்குள் அடங்கலாம். அவை ஒரே செயலாகுமா?

ஆகாது என்பதற்கு வட அயர்லாந்து சாட்சி. அங்கே 1998 ஏப்ரல் 10இல் சமாதான உடன்படிக்கை கையெழுத்தானது. ஆயினும் ஐ.ஆர்.ஏ. இயக்கத்தின் ஆயுதங்கள் முழுமையாகச் செயலிழக்கச் செய்யப்பட்டுவிட்டதாக அறிவிக்கப்பட்டது 2005 செப்டம்பர் 26இல்தான். தாமதத்துக்குப் பல காரணங்கள். அவற்றில் ஒன்று சொல். ஆயுதத்தைக் கொடுப்பது சரணடைவதாகப் பொருள்பட்டுவிடும் என்று அவர்கள் அஞ்சினார்கள். எனவே ஒரு கப்பலைச் சேவையிலிருந்து ஓய்வுபெறச் செய்வதற்குரிய 'டிகமிஷன்' என்ற சொல் பேச்சுவார்த்தை மேசைக்கு வந்தது. ஐ.ஆர்.ஏ. அதனையும் தவிர்த்து, 'பயன்பாட்டுக்கு அப்பால் வைத்தல்' என்றது. இறுதியில் கனடா நாட்டு ஜெனரல் ஜோன் டி சஸ்டெலெய்ன் தலைமையிலான ஆணைக்குழுவின் முன்னிலையில் அது நிறைவேறியது. கத்தோலிக்கர் ஒருவரும் மெதடிஸ்தர் ஒருவருமாக இரு மதகுருமார் சாட்சியாக நின்றனர். தோற்றவன் என்ற பெயர் இல்லாமல் கையை வெறுமையாக்க ஒரு வழி தேவைப்பட்டது.

நம் நாட்டில் 1987 ஜூலை 29இல் ஒப்பமிடப்பட்ட இலங்கை - இந்திய உடன்படிக்கையில் ஆயுதங்கள் ஒப்படைக்கப்பட வேண்டும் என்று எழுதப்பட்டது. கெடு நாட்களில் அல்ல, மணித்தியாலங்களில் கணக்கிடப்பட்டது. சில ஆயுதங்கள் ஒப்படைக்கப்படவும் செய்தன. ஒக்டோபரில் மீண்டும் யுத்தம் மூண்டது. கைகளிலிருந்து வாங்கிய கணக்கு இருந்தது. மனங்களிலிருந்து இறங்கிய கணக்கு யாரிடமும் இருக்கவில்லை.

இங்கே நியாயமான ஒரு மறுப்பு எழும். 'தானாகக் கீழே வைக்கும்வரை காத்திருந்தால் அதற்குள் சாகிறவன் யார்?' 1990 ஆகஸ்ட் 3இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்ற நூற்றுக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். அவர்கள் நிராயுதபாணிகள். பாணி என்றால் கை. கையில் ஆயுதம் இல்லாதவர் என்பதே அச்சொல்லின் நேர்ப்பொருள். அந்த வெறுங்கை எதிரே வந்தவர்களின் மனத்தைக் களையவில்லை. ஆகவே பறித்தல் எப்போதும் தவறு என்று என்னால் சொல்ல முடியாது. ஓங்கிய கையிலிருந்து கத்தியைப் பறிப்பது கடமை. ஆனால் பறித்ததோடு வேலை முடிந்துவிட்டது என்று எண்ணுவதே தவறு.

இதனை நமது தமிழ்ச் சொல் ஆங்கிலத்தைவிட நன்றாகவே சொல்கிறது. களை என்பது பயிருக்கு நடுவே முளைப்பது. அதனை நீக்குவதும் களைதல். கோரையைப் பிடுங்கியவர்களுக்குத் தெரியும். மேலே அறுத்தால் தோட்டம் அன்றைக்குத் துப்புரவாகத் தெரியும். மண்ணுக்குள் கிழங்கு இருக்கும்வரை அது திரும்பவும் தலைநீட்டும். ஆயுதத்தின் கிழங்கு பெரும்பாலும் பயம். சில வேளைகளில் அவமானம்.

அந்த மாணவனுக்கு வருகிறேன். கெட்டப்போலைப் பறித்த மூன்றாம் நாளே அவன் புதிதாக ஒன்று செய்துவிட்டான். இம்முறை நான் பறிக்கவில்லை. "இது யாருக்கடா?" என்று கேட்டேன். குளக்கட்டு வழியில் இரண்டு கட்டாக்காலி நாய்கள், சிறிய தங்கச்சியோடு அவன் தனியே வருகிறான். முதல் நாளே நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. அடுத்த நாளிலிருந்து அவ்வழியே வரும் பெரிய பிள்ளைகளோடு அவர்களைச் சேர்த்துவிட்டோம்.

தவணை முடிவதற்குள் அந்த இரண்டாவதை அவனாகவே கொண்டுவந்து என் மேசையில் வைத்தான். இரண்டும் இப்போது ஒரே லாச்சியில் கிடக்கின்றன. பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. எது பறித்தது, எது வைத்தது என்பது எனக்கும் அவனுக்கும் மட்டும் தெரியும்.