நீலியின் பக்கம் நிற்கும் புத்தகம்

பழைய பேய்க்கதை, மாயக்கதை நூல்களின் முதற்பதிப்புகளைத் தேடுபவர்கள் புத்தகத்தின் நிலையைப் பார்த்துத்தான் விலை சொல்கிறார்கள். அட்டை கிழியாமல், கறை படியாமல் இருந்தால் விலை கூடும். அதாவது, அதிகம் வாசிக்கப்படாத பிரதிக்கே மதிப்பு அதிகம்.

எங்கள் செட்டியார்பட்டிப் பக்கம் நான் பார்த்த ‘பெரிய எழுத்து’க் கதைப் புத்தகங்கள் இந்த அளவுகோலில் தேறாது. விக்கிரமாதித்தன் கதை, அல்லி அரசாணி மாலை, நல்லதங்காள் கதை என எல்லாவற்றிலும் எண்ணெய்க் கறை. முதல் பத்துப் பக்கம் இருக்காது. எழுத்துக் கூட்டத் தெரிந்த ஒருத்தி வாசிக்க, மற்றவர்கள் வேலை பார்த்தபடியே கேட்ட புத்தகங்கள் அவை. பலவற்றில் அச்சிட்ட ஆண்டே கிடையாது. முதற்பதிப்பு எது என்று எப்படிச் சொல்வது? அபூர்வம் என்ற சொல்லே பெண்கள் கைபட்டுத் தேய்ந்த நூல்களை வெளியே நிறுத்திவிடுகிறது.

ஆனால் இதைவிடக் கடினமான கேள்வியை ஒரு மாணவி வகுப்பில் கேட்டாள். “இந்தக் கதைகளை எதுக்கு மேடம் பாதுகாக்கணும்?” வத்திராயிருப்பு அருகே அர்ச்சுனாபுரத்தில் நல்லதங்காளுக்குக் கோயில் இருக்கிறது. பஞ்சத்தில் பிறந்த வீட்டுக்கு வந்தவளுக்கு அண்ணி சோறு மறுக்கிறாள். ஏழு பிள்ளைகளையும் கிணற்றில் போட்டுவிட்டுத் தானும் விழுகிறாள். பசிக்குப் பழி இன்னொரு பெண்மீது விழுகிறது. அண்ணன் நல்லவனாகவே மிஞ்சுகிறான். தலைமுறை தலைமுறையாகப் பெண்களைப் பெண்களுக்கு எதிராக நிறுத்திய கதை தொலைந்தால் என்ன நட்டம்?

கேள்வி நியாயமானது. நல்லதங்காளை வைத்துப் பதில் சொல்வதைவிட நீலியை வைத்துச் சொல்வது எனக்கு எளிது. ‘நீலிக் கண்ணீர்’ என்றால் பொய்யழுகை என்று எல்லோருக்கும் தெரியும். பழையனூர் நீலி ஏன் அழுதாள் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? முற்பிறவியில் கணவனால் கொல்லப்பட்டவள் அவள். பேயாக வந்து, மறுபிறவி எடுத்த அவனைத் தேடிப் பழிவாங்குகிறாள். கதையில் கொலை இருக்கிறது. வழக்குச் சொல்லில் கண்ணீர் மட்டும் இருக்கிறது, அதுவும் பொய்யாக. தீர்ப்பு நாக்கில் தங்கிவிட்டது; சாட்சியம் புத்தகத்தில் கிடக்கிறது. அந்தப் புத்தகமும் போனால் தீர்ப்பை மறுக்க நம் கையில் எதுவும் இருக்காது.

இது வெறும் கற்பனைப் பயம் இல்லை. தன்னைக் கொல்ல மலையுச்சிக்கு அழைத்துப்போன கணவனைத் தள்ளிவிட்டவளின் காப்பியம் குண்டலகேசி. அது முழுதாக நமக்குக் கிடைக்கவில்லை. சில பாடல்களே மிஞ்சின. அதை மறுக்க எழுந்த சமண நூலான நீலகேசி கிடைத்தது, 1936இல் அ. சக்கரவர்த்தி அதைப் பதிப்பித்தார். அந்த நூலில் பழையனூர்ப் பேய் மனம் மாறி, பிற சமயத்தாருடன் வாதிடும் பெண்ணாகிறாள். குண்டலகேசியின் வாதத்தைப் பெரும்பாலும் அவளை மறுத்தவர்கள் வழியாகவே இன்று நாம் அறிகிறோம்.

ஆகவே பாதுகாப்பது வேறு, போற்றுவது வேறு. நம்மைக் காயப்படுத்திய கதையையும் வைத்திருக்க வேண்டும். எப்படிக் காயப்படுத்தியது என்று காட்டுவதற்காக. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. பூட்டிய அலமாரியில் இருக்கும் முதற்பதிப்பு மற்றவர்களுக்குத் தொலைந்த நூல்தான். கோட்டையூர் ரோஜா முத்தையா வாழ்நாளெல்லாம் சேர்த்தவை 1992இல் அவர் மறைந்த பிறகு சென்னையில் ஆய்வு நூலகமாயின. அதனால்தான் அந்தச் சேகரிப்பு நம்முடையதும் ஆனது. ஸ்ரீவில்லிபுத்தூரில் 1875 முதல் பென்னிங்டன் நூலகம் இருக்கிறது. அங்கே உள்ளே போக யாரும் சேகரிப்பாளராக இருக்கத் தேவையில்லை.

மாணவிகளிடம் நான் கேட்பது சிறிய விஷயம். பாட்டி வீட்டுப் பரணில் அட்டையில்லாத கதைப்புத்தகம் இருந்தால் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போடாதீர்கள். அதை யார் வாசித்தார், யார் கேட்டார் என்று விசாரித்து, ஒரு தாளில் எழுதி உள்ளே வையுங்கள். ஆண்டு அச்சிடாத அந்தப் புத்தகத்துக்கு அதுவே முதல் விவரக்குறிப்பு.