தவக்குலும் தகாஃபுலும்: சிறுவணிகருக்கு எந்தக் காப்பீடு தகும்?

கடைக்கும் சரக்குக்கும் காப்பீடு எடுக்கும் முஸ்லிம் வணிகர் இரண்டு கேள்விகளுக்கு விடை காண வேண்டியிருக்கிறது. வரப்போகும் நட்டத்துக்கு முன்னேற்பாடு செய்வது இறைவன்மீது பொறுப்பைச் சாட்டும் தவக்குலுக்கு முரணாகுமா என்பது ஒன்று. காப்பீட்டு ஒப்பந்தம் ஷரீஅத்துக்கு உட்பட்டதா என்பது மற்றொன்று. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் பலர் எந்தக் காப்பும் இல்லாமலே கடை நடத்துகிறார்கள்.

முதல் கேள்விக்கு விடை எளிது. ஒட்டகத்தைக் கட்டிவைத்துவிட்டுத்தான் இறைவனை நம்ப வேண்டும் என்று நபிகள் நாயகம் ஒருவருக்கு அறிவுறுத்தியதாகத் திர்மிதி தொகுத்த நபிமொழி கூறுகிறது. போர்க்களத்தில் நபியவர்கள் கவசம் அணிந்ததும் எல்லோரும் அறிந்ததே. ஆகவே எச்சரிக்கையாக இருப்பது நம்பிக்கைக் குறைவு ஆகாது. சட்ட அறிஞர்களின் முக்கிய ஆட்சேபமும் இந்தப் பக்கத்திலிருந்து வரவில்லை.

ஆட்சேபம் ஒப்பந்தத்தின் அமைப்பைப் பற்றியது. பிரீமியம் கட்டுபவருக்கு என்ன கிடைக்கும், எப்போது கிடைக்கும், கிடைக்குமா என்பதே உறுதியில்லை. விற்பனை ஒப்பந்தத்தில் இத்தகைய தெளிவின்மையை இஸ்லாமியச் சட்டவியலான ஃபிக்ஹ் 'கரர்' என்று தடுக்கிறது. சிறு தொகை கட்டியவர் பெருந்தொகை பெறலாம், ஆண்டுக்கணக்கில் கட்டியவர் ஒன்றும் பெறாமலும் போகலாம் என்பதில் சூதின் சாயல் தெரிகிறது. திரண்ட பணத்தை நிறுவனம் வட்டிக் கடன்பத்திரங்களில் போடுவது மூன்றாவது குற்றச்சாட்டு. டமாஸ்கஸ் நகரின் ஹனஃபி அறிஞர் இப்னு ஆபிதீன் (மறைவு 1836), ஐரோப்பியக் கப்பல்களில் சரக்கு அனுப்பிய வணிகர்களின் கடல் காப்பீட்டை ஆராய்ந்தார். முஸ்லிம் நாட்டில் செய்துகொண்ட அத்தகைய ஒப்பந்தத்தின் பேரில் இழப்பீடு பெறுவது ஆகாது என்பது அவர் தீர்ப்பு. பண்டைய ஃபிக்ஹ் நூல்களில் நேரடி விடை இல்லாத ஒரு புது வணிக வழக்கத்தை முதன்முதலில் விரிவாக எடுத்துக்கொண்டவர் என்ற வகையில் அவருடைய பெயர் இந்த விவாதத்தில் நிலைத்துவிட்டது.

எதிர்க்குரலும் வலுவாகவே ஒலித்தது. சிரியாவின் முஸ்தஃபா அஸ்ஸர்கா, 1961இல் டமாஸ்கஸில் நடந்த ஃபிக்ஹ் மாநாட்டில் காப்பீடு ஆகுமானதே என்று வாதாடினார். சூதாட்டம், முன்பு இல்லாத ஆபத்தைப் புதிதாக உண்டாக்குகிறது. காப்பீடோ ஏற்கெனவே இருக்கும் ஆபத்தின் சுமையைப் பலர்மேல் பரப்புகிறது. காவலாளிக்குக் கூலி கொடுப்பவர் பாதுகாப்பு என்ற நிம்மதியைத்தானே வாங்குகிறார் என்றும் அவர் கேட்டார். இந்த வாதம் எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. ஆயினும் பெரும்பான்மை மறுபக்கம் சாய்ந்தது. 1985இல் ஜித்தாவின் சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, நிலையான பிரீமியம் கொண்ட வணிகக் காப்பீடு ஆகாது, பரஸ்பர உதவியின் அடிப்படையிலான கூட்டுறவுக் காப்பீடு ஆகும் என்று தீர்மானித்தது.

இந்த மாற்று வழிக்குப் பழைய வேர்கள் உண்டு. உணவு குறைந்தபோது அஷ்அரி குலத்தார் கையிலிருந்ததையெல்லாம் ஒரே துணியில் கொட்டிச் சமமாகப் பங்கிட்டுக்கொண்டதை நபியவர்கள் பாராட்டினார்கள். தவறுதலாக நேர்ந்த கொலைக்கான நட்ட ஈட்டைக் கொலையாளி ஒருவரே சுமக்காமல் உறவினர் கூட்டமே சேர்ந்து செலுத்தும் ஆகிலா முறையும் இருந்தது. கூட்டுறவுக் காப்பீட்டின் இன்றைய வடிவமான தகாஃபுல் இந்த எண்ணத்தை ஒரு நிதியாக மாற்றுகிறது. பங்கேற்பவர் கட்டும் தொகை பொது நிதிக்குத் தரும் நன்கொடை, அதாவது தபர்ரு. நன்கொடையில் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்ற கேள்விக்கே இடமில்லாததால் கரர் அதைப் பாதிப்பதில்லை. நிறுவனம் நிதியின் உரிமையாளர் ஆகாது; கூலி பெறும் முகவராகவோ முதலீட்டு லாபத்தில் பங்காளியாகவோ மட்டும் இருக்கும். நிதியில் பற்றாக்குறை வந்தால் வட்டியில்லாக் கடனாக, கர்ளு ஹசனாக, ஈடுகட்டும். ஆண்டு முடிவில் மிஞ்சும் உபரி ஒப்பந்தப்படி பங்கேற்பாளர்களுக்குப் பிரித்துத் தரப்படும்.

நடைமுறை எப்போதும் இவ்வளவு தூய்மையாக இருப்பதில்லை. முகவர் கூலியை மிக உயர்த்தி, உபரியிலும் நிறுவனமே பெரும்பங்கு எடுத்துக்கொண்டால், வணிகக் காப்பீட்டிலிருந்து அது பெயரளவில்தான் வேறுபடும். தகாஃபுல் என்ற பலகையைப் பார்த்து நிறைவடையாமல், கூலி எத்தனை விழுக்காடு, உபரி யாருக்குச் சேரும், முதலீடு எங்கே போகிறது என்ற மூன்றையும் வணிகர் கேட்டாக வேண்டும்.

இந்தத் துறைக்குத் தனிச்சட்டம் கண்ட நாடுகளில் மலேசியா முன்னோடி. அங்குள்ள தேசிய ஃபத்வாக் குழு 1972இல் ஆயுள் காப்பீடு அப்போதைய வடிவில் செல்லாத ஒப்பந்தம் என்று முடிவு செய்தது. 1984இல் தகாஃபுல் சட்டம் வந்தது. இன்று 2013ஆம் ஆண்டின் இஸ்லாமிய நிதிச் சேவைகள் சட்டம் நடைமுறையில் உள்ளது. பினாங்கில் நாசி கண்டார் கடை நடத்தும் தமிழ் முஸ்லிம் ஒருவருக்கு ஒப்பந்த வடிவம் இன்று பெரிய தடையாக இல்லை. எதற்கு முதலில் காப்பு எடுப்பது என்பதே அவர் முன்னுள்ள கேள்வி.

முகவர்கள் வழக்கமாகக் கட்டடத்திலும் சரக்கிலும் தொடங்குவார்கள். மார்க்க நோக்கில் வரிசை வேறாகிறது. தன்னால் பிறருக்கு நேர்ந்த நட்டத்தை ஈடுசெய்வது ஷரீஅத்தில் கடன். அது இறந்தாலும் தீராமல் சொத்தின்மேல் நிற்கும். தன் சரக்கு எரிந்துபோனால் அது சோதனை, பொறுத்துக்கொள்ள வழியுண்டு. கொதிக்கும் எண்ணெய் தெறித்துக் காயம்பட்ட சமையற்காரருக்கும், உணவு நஞ்சாகி மருத்துவமனையில் சேர்ந்த வாடிக்கையாளருக்கும், அடுப்புத் தீ பரவிக் கடையை இழந்த பக்கத்துக் கடைக்காரருக்கும் அப்படிப் பொறுத்துக்கொள்ளும்படி சொல்ல முதலாளிக்கு உரிமை இல்லை. எனவே தொழிலாளர் காப்பும் பொதுமக்களுக்கான பொறுப்புக் காப்பும் முதலில் வர வேண்டும். மலேசியாவில் 1969ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டம் தொழிலாளர் காப்பின் ஒரு பகுதியைக் கட்டாயமாக்கியிருக்கிறது. கடை வாகனத்துக்கு மூன்றாம் தரப்புக் காப்பும் கட்டாயமே.

அடுத்துத்தான் தீ. அங்கே அடிப்படைத் தீக் காப்பு வெள்ளத்தைத் தானாகச் சேர்த்துக்கொள்வதில்லை. தனியாகக் கேட்டுக் கூடுதல் தொகை கட்ட வேண்டும். கடை மூடிக் கிடக்கும் மாதங்களில் வாடகையும் ஊதியமும் கொடுக்க வணிகத் தடைக் காப்பு வேண்டும். பலர் இதை ஆடம்பரமாக நினைக்கிறார்கள். வேலையாட்களின் குடும்பங்கள் அந்த ஊதியத்தை நம்பி வாழ்கின்றன என்பதால் சரக்குக் காப்புக்கு இணையான இடம் இதற்கு உண்டு.

எவ்வளவு தொகைக்கு எடுப்பது என்பதிலும் மார்க்க நியாயமும் காப்பீட்டுச் சட்டமும் ஒன்றையே கோருகின்றன: இழந்ததற்கு ஈடு மட்டும், லாபம் கூடாது. உண்மை மதிப்பைவிட உயர்த்திக் காட்டுவது ஏமாற்று. குறைத்துக் காட்டினாலும் நட்டம்தான். 2 லட்சம் ரிங்கிட் பெறும் சரக்கை 1 லட்சத்துக்கு மட்டும் காப்பீடு செய்தவர் 50,000 ரிங்கிட் சரக்கைத் தீயில் இழந்தால், குறைத்துக் காட்டிய விகிதத்திலேயே ஈட்டையும் குறைக்கும் சராசரி விதிப்படி அவருக்கு 25,000 மட்டுமே கிடைக்கும். உடைந்த கண்ணாடி, பழுதான மின்விசிறி போன்ற சிறு செலவுகளைப் பொது நிதியின்மேல் சுமத்தாமல் தாமே ஏற்றுக்கொள்வது நல்லது. பிறர் நன்கொடையிலிருந்து எடுக்கும் பணம் அது.

தகாஃபுல் கிடைக்காத இடத்தில் நிலைமை வேறு. இலங்கையில் அமானா தகாஃபுல் என்ற நிறுவனம் 1999இல் தொடங்கியது. ஆனால் இந்தியச் சட்டத்தில் தகாஃபுலுக்குத் தனி ஏற்பாடு இல்லை. வகுப்புக் கலவரங்களில் முஸ்லிம்களின் உயிரும் உடைமையும் தொடர்ந்து ஆபத்துக்குள்ளாவதைக் கருதி, இந்திய இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி 1992இல் வழக்கமான காப்பீட்டுக்கு இடம் கொடுத்தது. சட்டம் கட்டாயப்படுத்தும் வாகனக் காப்பையும் அறிஞர்கள் நிர்ப்பந்தம் என்று ஏற்கிறார்கள். தன் சரக்குக்கு மட்டும் காப்பு வேண்டாம் என்று பேணுதல் கருதி ஒருவர் விலகி நிற்கலாம். அது அவர் சொந்தத் தேர்வு. கடையில் உழைக்கும் தொழிலாளிக்கான காப்பை, தகாஃபுல் இல்லை என்று காரணம் காட்டித் தள்ளிப்போட மார்க்கம் இடம் தரவில்லை.